தங்கக்காதும் நாலு பித்தளைத் தகடும்

அந்தக் கடையில் இருந்த ஸ்பீக்கர்களிலேயே உயர்ந்தது பெரியம்மா. கம்பெனி வைத்த பெயர் வேறு. எழுத்தும் எண்ணுமாக ஏதோ மோட்டார் பம்ப்பின் பெயர் போல இருக்கும், யார் வாயிலும் நுழையாது. ஆள் உயரம், அதற்கேற்ற அகலம், கறுப்புப் பளபளப்பு, உள்ளே வருகிறவர்களை ஏற இறங்கப் பார்க்கிற தோரணை. அதனால் கடைக்காரர்கள் பெரியம்மா என்றே கூப்பிட்டார்கள். ஜோடியாகத்தான் வரும். ஜோடியின் விலைக்கு இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்று வாங்கலாம். ஃபிளாட் என்றால் குளிக்க இடமாவது இருக்குமே என்று கடையின் ஃபிட்டர் பெண் ஒருமுறை சொல்லிவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

திட்டியவர் தங்கக்காது. அது அவருக்கு வீட்டில் வைத்த பெயர் இல்லை, தொழிலில் கிடைத்த பட்டம். வயது ஐம்பத்தேழு. இருபத்தெட்டு வருடமாக ஸ்பீக்கர் விற்கிறார். முதலாளி டைல்ஸ் வியாபாரத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தவர். அவருக்குத் தெரிந்த ஒரே சங்கீதம் போன் அடிக்கிற சத்தம். ஆகவே கடையின் மூலதனமே இவருடைய காதுதான். அதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. கடையின் விசிட்டிங் கார்டில் கடைப் படம் கிடையாது, ஸ்பீக்கர் படம் கிடையாது. தங்கக்காதின் வலது காதைத்தான் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள், முடியெல்லாம் கத்தரித்துவிட்டு.

அவர் விற்கிற விதம் ஒரு பூஜை மாதிரி இருக்கும். வந்தவரைச் சோபாவின் நட்டநடுவில் உட்காரவைப்பார். தண்ணீர் தருவார். போனை அணைக்கச் சொல்வார். பிறகு ஒரு வயலின் இசைத்தட்டை எடுத்து, குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவது போல வைத்துவிட்டு, சோபாவுக்குப் பின்னால் போய்க் கண்ணை மூடி நிற்பார். சரியாக இரண்டாவது நிமிடத்தில் ஒரு விரல் மேலே போகும்.

"இப்போ… வாசிக்கிறவர் மூச்ச இழுத்தாரே, கேட்டுச்சா?"

கேட்கவில்லை என்று இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை. எப்படிச் சொல்வார்கள்? அவ்வளவு பெரிய சோபாவில், அவ்வளவு பெரிய பெரியம்மா எதிரில், அந்த விரலைப் பார்த்துக்கொண்டு, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்ல ஒரு தனி நெஞ்சழுத்தம் வேண்டும். எல்லோரும் கேட்டது என்றார்கள். சிலர் கண் கலங்கினார்கள். போகிறபோது முக்கால்வாசிப் பேர் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "உங்க வீட்டுல என்ன ஸ்பீக்கர் வச்சிருக்கீங்க?" அது வேற கதை என்று ஒரு மர்மச் சிரிப்பு சிரித்து அனுப்பிவிடுவார். வீட்டில் இருந்தது அடுப்பு மேடையில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய ஒரு ரேடியோ.

வீட்டில் இன்னொன்றும் இருந்தது. கதவைச் சரியாக மூடாவிட்டால் கீச் கீச்சென்று கத்துகிற ஒரு ஃபிரிட்ஜ். தங்கக்காது தண்ணீர் பாட்டிலை எடுத்துவிட்டு, கதவைப் பாதி திறந்தபடி விட்டு, அதன் பக்கத்திலேயே நின்று குடித்துக்கொண்டிருப்பார். அது கத்திக்கொண்டே இருக்கும். மனைவி இரண்டு அறை தள்ளியிருந்து ஓடிவந்து மூடுவாள். அந்த அம்மாள் வேலை பார்ப்பது ஒரு காது டாக்டரின் கிளினிக்கில், காது கேட்கிறதா என்று சோதிக்கிற வேலை. கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறைக்குள் ஆளை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, சத்தம் கேட்டால் அமுக்குங்கள் என்பாள். பத்து வருடமாக ஊரில் பாதிப் பேர் காதைப் பார்த்துவிட்டாள். ஒரு நாள் வாங்க, அஞ்சு நிமிஷம்தான் என்று புருஷனையும் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துவிட்டாள். தங்கக்காதுக்கு அது பெரிய அவமானம். தங்கத்தைப் போய் உரசிப் பார்ப்பார்களா என்பது அவர் கட்சி. உரசித்தானே பார்ப்பார்கள் என்று அவள் சொன்னது, வழக்கம் போல, அவர் காதில் விழவில்லை.

இப்படி வண்டி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் பல் டாக்டர் வந்தார்.

ஐந்து சனிக்கிழமை தொடர்ந்து வந்து, சோபாவில் உட்கார்ந்து, பெரியம்மாவைக் கேட்டுவிட்டுப் போனார். ஆறாவது சனிக்கிழமை வாங்கிவிட்டார். முதலாளிக்குக் காலே தரையில் படவில்லை. கடையில் இருந்தது காட்சிக்கு வைத்த ஜோடி, அதை விற்க மாட்டார்கள். கப்பலில் புது ஜோடி வந்தது. ஃபிட்டர் பெண் நாலு ஆட்களோடு போய் டாக்டர் வீட்டு ஹாலில் நிறுத்திவிட்டு வந்தாள். மூன்றாம் நாள் டாக்டர் போன் செய்தார். இது நான் கேட்ட பெரியம்மா இல்லை என்றார்.

தங்கக்காது நேரில் போனார். கேட்டார். கடையில் இருப்பதற்கும் இதற்கும் அவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஆனால் டாக்டர் சோபாவில் தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாள் முழுக்க டிரில் மிஷின் சத்தத்தில் கிடக்கிறேன், அதை மறக்கத்தான் இவ்வளவு கொட்டிக் கொடுத்தேன், இது வீட்டிலும் என் பல்லைக் குடைகிறது என்றார். புது ஸ்பீக்கர் அப்படித்தான் இருக்கும், இருநூறு மணி நேரம் ஓடினால் பதமாகும் என்று தங்கக்காது பூசி மெழுகிவிட்டு வந்தார். டாக்டர் யோக்கியமான மனிதர். கிளினிக்குக் கிளம்பும்போது போட்டுவிட்டுப் போய் இருநூறு மணி நேரம் ஓடவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர்தான் பதமானார், பெரியம்மா ஆகவில்லை. கடையில் இருக்கிற ஜோடியைக் கொண்டுவந்து பக்கத்தில் வையுங்கள், இரண்டும் ஒன்று என்று நிரூபியுங்கள், இல்லாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் கடைசியாகச் சொன்னார்.

கடையின் பெரியம்மாவைத் தங்கக்காது தவிர யாரும் தொடக்கூடாது என்பது விதி. பதினோரு மாதமாக அவர்தான் அதைத் துடைத்தார், அவர்தான் ஒயர் மாட்டினார். ஆனால் இடுப்பு ஒத்துழைக்காததால் அன்றைக்கு நகர்த்த ஃபிட்டர் பெண்ணைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அவள் பின்பக்கம் குனிந்து பார்த்தாள். குனிந்தவள் நிமிரவில்லை.

"அண்ணே, இந்தத் தகடெல்லாம் எங்க?"

பெரியம்மாவின் முதுகில் நாலு திருகுகள் உண்டு. கீழே இரண்டு, கனத்த சத்தம் போடுகிற பெரிய ஸ்பீக்கர்களுக்கு. மேலே இரண்டு, மெல்லிய கீச்சுச் சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கருக்கு. கம்பெனிக்காரன் மேல் திருகையும் கீழ்த் திருகையும் பித்தளைத் தகடு வைத்து இணைத்தே அனுப்புவான். அப்போதுதான் சாதாரண ஒயரைக் கீழே மாட்டினால் மேலேயும் ஓடும். ஒரு பெட்டிக்கு இரண்டு தகடு, ஜோடிக்கு நாலு. அந்த நாலும் ஒரு பிளாஸ்டிக் பையில், விளக்கப் புத்தகத்தோடு சேர்த்து, பெரியம்மாவின் முதுகிலேயே டேப் போட்டு ஒட்டியிருந்தன. ஒட்டியது யார் என்று கேட்கவே வேண்டாம்.

தங்கக்காதுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. பதினோரு மாதத்துக்கு முன்னால் நாலு முனை கொண்ட ஒரு ஒயர் வந்தது. பாம்புத் தடிமன், பட்டு உறை, தொட்டுப் பார்க்கவே கை கழுவ வேண்டும் போலிருந்தது. தகடு வழியாகச் சத்தம் போனால் மாசுபடும், தனித்தனியாகப் போனால்தான் சுத்தம் என்று ஒரு வகுப்பே எடுத்துவிட்டு, தகடுகளைக் கழற்றி அந்த ஒயரை மாட்டினார். மறுவாரமே ஒருவர் ஒயரை வாங்கிப் போய்விட்டார். பழைய இரண்டு முனை ஒயரை எடுத்துக் கீழே மாட்டினார். தகடுகளை மறந்தார். அன்றிலிருந்து பெரியம்மாவின் மேல் பாதி ஊமை.

அதாவது, பதினோரு மாதமாக அந்தப் பெட்டியிலிருந்து வராத ஒரு மூச்சை அவர் விரல் நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். வந்தவர்களெல்லாம் கேட்டுக் கண் கலங்கிக்கொண்டிருந்தார்கள். ஃபிட்டர் பெண் ஒருமுறை சத்தம் மந்தமாக இருக்கிறதே என்று கேட்டதும், உனக்கு இன்னும் காது பழகலை என்று அவள் வாயை அடைத்ததும் நினைவுக்கு வந்தன.

அவள் தகடுகளை மாட்டி, வயலின் தட்டைப் போட்டாள். முதல் வில் இழுப்பிலேயே அவளுடைய புருவம் நெற்றிக்கு ஏறியது. தங்கக்காது காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். நேற்றைக்கு இருந்தது போலவே இருந்தது. முந்தாநாள் இருந்தது போலவும் இருந்தது.

"வேணும்னே கழட்டி வச்சீங்களா அண்ணே?" என்று அவள் கேட்டாள். கிண்டல் இல்லை. அவருக்கு ஒரு வழி விட்டுக் கேட்டாள்.

ஆமா, சத்தம் மெதுவா இருக்கட்டும்னுதான் என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவர் அவளைப் பார்த்து, வித்தியாசம் ரொம்பப் பெருசா என்று கேட்டுவிட்டார். அவள் போய்த் தட்டை நிறுத்தினாள்.

சாயங்காலம் நோயாளிகள் போன பிறகு மனைவியின் கிளினிக்குக்குப் போனார். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கண்ணாடி அறைக் கதவைத் திறந்து, ஹெட்போனை மாட்டி, பட்டனைக் கையில் கொடுத்து, கன்னத்தை ஒரு தட்டு தட்டிவிட்டு வெளியே போய் உட்கார்ந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். இருபத்தெட்டு வருட அனுபவம். மூடின கண்ணுக்குள் ஒலி வருவதற்கு முன்னாலேயே அது வருகிற பாதை அவருக்குத் தெரியும். அமுக்கினார். மறுபடி அமுக்கினார். போகப் போகச் சத்தம் மெலிந்தது. ஆனாலும் மெல்லிய ஊசி மாதிரி வந்துகொண்டேதான் இருந்தது. ஒன்றையும் விடவில்லை. பரவாயில்லையே என்று மனசுக்குள் மார்தட்டிக்கொண்டார்.

அவள் உள்ளே வந்து ஒரு தாளைக் காட்டினாள். அதில் ஒரு கோடு பாதி தூரம் ஒழுங்காகப் போய், பிறகு மாடிப்படியில் உருட்டிவிட்ட மாதிரி இறங்கியிருந்தது. கோடு இறங்குகிற இந்தப் பக்கம், கீச்சுச் சத்தம் எதுவும் உங்களுக்குக் கேட்பதில்லை, நிறைய வருஷமாகவே கேட்டிருக்காது என்றாள்.

"நான்தான் எல்லாத்துக்கும் அமுக்குனேனே."

"கடைசி ரெண்டு நிமிஷம் நான் எந்தச் சத்தமும் அனுப்பல. எட்டு தடவ அமுக்குனீங்க."

அவர் பட்டனைப் பார்த்தார்.

"நீங்க பொய் சொன்னீங்கன்னு சொல்லல," என்றாள். "இங்க வர்றவங்க நெறைய பேரு டபாய்ப்பாங்க, சும்மா அமுக்குவாங்க. அது மூஞ்சியிலயே தெரிஞ்சிரும். நான் கண்ணாடி வழியா உங்களப் பாத்துட்டே இருந்தேன். உங்களுக்கு நெஜமாவே கேட்டுச்சு."

அவருக்கு அழுகை வந்தது. மனைவிதானே என்று வெட்கமில்லாமல் அழுதார். கேட்கவில்லை என்பதைவிட, இல்லாததை இத்தனை வருடம் இவ்வளவு ரசித்துக் கேட்டோமே என்பதுதான் அவரைப் பிழிந்தது.

மறுநாள் காலை முதலாளியிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தார். வேலை போய்விடும் என்று டிபன் பாக்ஸைக்கூடக் கொண்டுவரவில்லை. முதலாளி நாற்காலியில் முன்னும் பின்னும் ஆடியபடி கேட்டார். தகடு விஷயம் அவரைத் தொடவே இல்லை. டைல்ஸ் வியாபாரத்தில் விரிசல் விட்ட டைலை டிசைன் என்று விற்றவர் அவர். டாக்டருக்குப் பிடித்தது தகடு இல்லாத பெரியம்மா என்றால் தகட்டைக் கழற்றிக் கொடு, கடையின் தனிப் பக்குவம் என்று சொல், இனிமேல் கேட்கிறவர்களுக்கெல்லாம் அப்படியே செய்யலாம் என்றார். ஆனால் காது விஷயத்தில் கறாராக இருந்தார்.

"காதுல மெஷின் கிஷின் மாட்டிக்கிட்டு இந்தக் கதவுக்குள்ள வரக்கூடாது. கார்டுல உன் காதத்தான்யா அச்சடிச்சிருக்கேன். அது செவிடுன்னு தெரிஞ்சா ஒருத்தன் உள்ள வருவானா? அன்னைக்கே உன் கணக்க முடிச்சிருவேன்."

தங்கக்காது மண்டையை ஆட்டினார். ஐம்பத்தேழு வயதில் வேறு எங்கே போவது?

டாக்டர் வீட்டில் நாலு தகடுகளையும் கழற்றியதும் அந்த மனிதர் சோபாவில் அப்படியே கால் நீட்டிச் சரிந்துவிட்டார். இதுதான், இதுதான் என்று முணுமுணுத்தார். தனிப் பக்குவம் என்று சொல்லத்தான் தங்கக்காது வாயைத் திறந்தார். அந்த நிம்மதியான முகத்தைப் பார்த்ததும் பொய் வரவில்லை. மேல் பாதி இப்போது ஓடவில்லை டாக்டர், நீங்கள் வாங்கியதில் பாதிதான் பாடுகிறது என்று சொல்லிவிட்டார். டாக்டர் கண்ணைத் திறக்கக்கூட இல்லை. வலிக்கிறதைப் பிடுங்கினால் நிம்மதி என்பது என் தொழில், அந்தத் தகடுகளைக் கண்ணில் படாத இடத்துக்குக் கொண்டுபோங்கள் என்றார். அந்தக் காசுக்கு அது நியாயமா என்று தங்கக்காது வழியெல்லாம் யோசித்துப் பார்த்தார். இந்த விவகாரத்தில் சந்தோஷமாக இருந்தவர் டாக்டர் ஒருவர்தான் என்பதால் அதற்கு மேல் யோசனை ஓடவில்லை.

அந்த மாதமே மனைவி அவருக்கு இரண்டு காதுக்கும் மெஷின் வைத்தாள். மிளகளவு ஒரு ஸ்பீக்கர், காது மடலுக்குப் பின்னால் ஒரு சின்னப் பொட்டலம், தலைமுடிக்குள் தெரியாது. முதல் நாள் வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜ் கத்தியது. இது எப்போதிலிருந்து இப்படிக் கத்துகிறது என்று கேட்டு மனைவியிடம் முறைப்பு வாங்கினார். செய்தித்தாளைத் திருப்பினால் சத்தம். செருப்புக்குச் சத்தம். மனைவி பேசும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விளிம்பு இருந்தது. இத்தனை வருடம் அவர் அவளைத் தகடு இல்லாமல்தான் கேட்டிருக்கிறார். ஆனால் தினமும் காலையில் கடைக் கதவுக்கு முன்னால் நின்று, இரண்டையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, செவிடாக உள்ளே போய், வாயில் வந்ததைச் சொல்லி விற்றார். இப்போது அது முன்னைப் போல் இனிக்கவில்லை. முன்னே தெரியாமல் சொன்னது, இப்போது தெரிந்தே சொல்கிற பொய்.

ஒரு மழை நாளில் குடையை மடக்குகிற அவசரத்தில் கழற்ற மறந்துவிட்டார்.

அன்றைக்கு வந்தவர் கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தைந்து வருடம் இன்ஜின் அறையில் நின்றவர், நல்ல வசதி, பேச்செல்லாம் உரத்த பேச்சு. சோபாவின் நடுவில் உட்கார்ந்தார். ஃபிட்டர் பெண் பிடிவாதமாகத் தகடுகளை மாட்டிவைத்திருந்த பெரியம்மா எதிரில் நின்றது. முதலாளி கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போனில் இருந்தபடி இங்கே ஒரு கண் வைத்திருந்தார். தங்கக்காது தட்டை வைத்துவிட்டுச் சோபாவுக்குப் பின்னால் போனார்.

வயலின் வந்தது. இப்படி ஒரு வயலினை அவர் எத்தனையோ வருடத்துக்குப் பிறகு கேட்கிறார். வில்லில் இருக்கிற முடி தெரிந்தது. கம்பியின் சொரசொரப்பு தெரிந்தது. அவர் தன்னை மறந்துதான் நின்றார், ஆனால் விரலுக்கு மறதி கிடையாது. இரண்டாவது நிமிடத்தில் அது தானாக மேலே போய்விட்டது.

ஒன்றுமே வரவில்லை. அந்த இடத்தில் மூச்சும் இல்லை, ஒன்றும் இல்லை.

"ஆஹா," என்றார் இன்ஜினியர், கண்ணை மூடி. "கேட்டுச்சு, கேட்டுச்சு. மூச்சு."

தங்கக்காதின் விரல் அப்படியே நின்றது. பத்து விநாடிக்கு மேல் ஆகியிருக்கும். வயலின் ஒரு கணம் ஓய்ந்த இடத்தில், மூக்கால் அவசரமாக இழுத்த, கொஞ்சம் களைத்த ஒரு மூச்சு வந்தது. மனிதன் இழுத்த மூச்சு. இன்ஜினியர் அதற்கு அசையவே இல்லை. ஏற்கனவே கேட்டுவிட்ட திருப்தியில் காலை ஆட்டிக்கொண்டிருந்தார். தங்கக்காது அந்த முகத்தைப் பார்த்தார். அதில் பொய் இல்லை. நிஜமாகவே கேட்ட முகம். கிளினிக்கின் கண்ணாடி வழியாக மனைவி பார்த்த முகம் எப்படி இருந்திருக்கும் என்று அவருக்கு இப்போது தெரிந்தது.

தட்டு முடிந்தது. வாங்கிவிடலாம் என்றார் இன்ஜினியர். எழுந்திருக்கும்போது எல்லோரும் கேட்பதைக் கேட்டார். "ஆமா, உங்க வீட்டுல என்ன ஸ்பீக்கர் வச்சிருக்கீங்க?"

தங்கக்காது கண்ணாடிக் கதவைப் பார்த்தார். முதலாளி போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டிருந்தார். அவருக்குப் பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் வலது கையை உயர்த்தி, வலது காதிலிருந்து மிளகளவு ஸ்பீக்கரை உருவி, உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"இதுதான் சார். பெரியம்மா என்ன பாடினாலும் எனக்கு இது வழியாத்தான் வரணும்."

இன்ஜினியர் அதைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த விசிட்டிங் கார்டின் காதைப் பார்த்தார்.

"நீங்க கேட்டுச்சுன்னு சொன்னப்ப மூச்சு வரல சார்," என்றார் தங்கக்காது. "நான் தப்பான எடத்துல வெரல நீட்டுனேன். அது அப்புறமாத்தான் வந்துச்சு."

இன்ஜினியரின் முகம் சிவந்தது. கோபப்படப் போகிறார் என்றுதான் தோன்றியது. அவர் சோபாவில் மறுபடியும் மெதுவாக உட்கார்ந்தார். குரல் முதல் தடவையாகத் தாழ்ந்தது.

"என் பேத்தி பேசுறது எனக்குப் பாதி புரியல. முணுமுணுக்குறான்னு திட்டிக்கிட்டிருக்கேன்."

தங்கக்காது அவர் கையிலிருந்த கார்டை வாங்கி, காதுப் படத்துக்குப் பின்பக்கம் மனைவியின் கிளினிக் விலாசத்தை எழுதினார். முதலில் அங்கே போங்கள், பெரியம்மா எங்கேயும் ஓடிப்போக மாட்டாள், திரும்பி வந்து கேட்டுவிட்டு வேண்டுமா வேண்டாமா என்று அப்புறம் முடிவு செய்யுங்கள் என்றார். எழுதி முடித்துவிட்டு மெஷினை மறுபடியும் காதில் மாட்டிக்கொண்டார்.

அவருக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு திறந்தது. முதலாளி பல்லை நறநறவென்று கடிக்கிற சத்தம் தெள்ளத் தெளிவாகக் கேட்டது.